தாத்தா காலத்துத் தோல் நாற்காலியைக் கையால் புதுப்பிப்பது செலவுக்குத் தகுமா?

கேட்டிருப்பவர் ஆம்பூர்க்காரர். தாத்தாவின் தேக்கு நாற்காலியில் தோல் கிழிந்துவிட்டதாம். ஃபோம் வைத்து ரெக்சின் அடித்தால் ஒரே நாளில், கால்வாசிச் செலவில் முடித்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறாராம்.

மரச்சட்டம் உளுத்துப்போகாமல், மூட்டுகள் ஆடாமல் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நீங்கள் பணம் கொடுக்கப்போவது தோலுக்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கூலியில் பெரும்பங்கு கண்ணில் படாத உள்வேலைக்குத்தான் போகும்.

எங்கள் வீட்டில் இருப்பது தாத்தாவின் வக்கீல் நாற்காலி. வேலூர் கோர்ட்டில் தொழில் செய்தவர் அவர். 1989-இல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்த பிறகும் கடிதங்களில் 'வட ஆற்காடு' என்றே எழுதிவந்தார். அந்த நாற்காலிக்கு எண்பதுகளில் யாரோ தோலுக்கு மேலேயே ஃபோம் வைத்து ரெக்சின் அடித்துவிட்டார்கள். வேலூர் வெயிலில் அது அப்பளமாக நொறுங்கி, உட்கார்ந்தவர் வேட்டியில் எல்லாம் ஒட்டியது. உலகத்துக்கே தோல் அனுப்பும் ஊரில் ரெக்சின் நாற்காலி என்று உறவினர்கள் கேலி செய்யாத விசேஷம் இல்லை.

லாங் பஜாரை ஒட்டிய சந்தில் குஷன் வேலை செய்யும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். எழுபதை நெருங்கிய மனிதர். ரெக்சினை நெம்பி எடுத்தார். ஃபோம் மஞ்சள் மாவாக உதிர்ந்தது. அதன்கீழே பழைய தோல், தேங்காய் நார், சாக்குத் துணி, கடைசியில் சுருள் ஸ்பிரிங்குகள். நாருக்குள் விளிம்பு நெளிந்த பத்துப் பைசா அலுமினியக் காசு ஒன்று கிடந்தது. "தம்பி, வக்கீல் ஐயாவுக்கு வரவேண்டிய ஃபீஸ் பாக்கி" என்று என் கையில் வைத்தார்.

பழைய தோலில் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் கரிய வட்டம் இருந்தது. பூஞ்சை என்று நினைத்தேன். பாய் இல்லை என்று தலையசைத்தார்: "மை, தம்பி." அந்தக் காலத்தில் நம் பக்கத்து டேனரிகளில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலைப் பதனிட்டார்கள். அந்தத் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே கணக்கில்தான். ஈரம் பட்ட இரும்பாணி ஒவ்வொன்றும் தாத்தாவின் தோலில் தனக்கென ஒரு மைத்துளியைக் காய்ச்சியிருக்கிறது. இப்படிப் பட்டையில் பதனிட்ட 'பட்டைத் தோல்' போடுவதாக இருந்தால் வெளியே தெரியும் குமிழ் ஆணிகளைப் பித்தளையில் கேளுங்கள். பித்தளை முலாம் பூசிய இரும்பும் விற்கிறார்கள். காந்தத்தை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சணல் நாடாவை இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அதன்மேல் ஸ்பிரிங்குகளைத் தைத்தார். பிறகு தலைப்பக்கத்தைக் கயிற்றால் கட்டுவது. முன்பின்னாக, இடவலமாக, மூலைக்கு மூலை என்று ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எட்டுத் திசையிலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். கயிறு ஸ்பிரிங்கைத் தொடும் இடத்தில் எல்லாம் தனி முடிச்சு. எதற்கு இத்தனை என்று கேட்டேன். "ஒரு கண்ணி அறுந்தால் அதோடு நிற்க வேண்டும். சும்மா சுற்றிக்கொண்டு போனால் ஒன்று அறுந்ததும் எல்லாம் சரிந்துவிடும்." வாய் நிறைய ஆணி வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார். காந்தச் சுத்தியலின் முனை அதைக் கவ்வும். அடுத்த கணம் ஆணி மரத்தில் இருக்கும். பேச்சு நிற்கவே இல்லை. இந்தக் கட்டு மட்டும் ஒன்றரை நாள் பிடித்தது.

அதன்மேல் சாக்கு, நார், பஞ்சு. இதைச் சொல்ல ஒரு வரி போதும், செய்ய இரண்டு நாள் ஆனது.

முதுகில் பொத்தான் வைத்துக் குழித்த வேலையைத்தான் நான் பயந்துகொண்டே பார்த்தேன். துணியில் ஊசி தவறினால் ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் குத்தியது குத்தியதுதான். ஆகவே முதலிலேயே தோலின் பின்புறம் சாய்சதுரக் கட்டம் போட்டுவிடுகிறார்கள். கட்டம் நாற்காலியில் உள்ள இடைவெளி அளவுக்கே இருந்தால் போதாது. பொத்தான் உள்ளே இறங்கும் ஆழத்துக்கும் தோல் வேண்டும், அதைக் கூட்டித்தான் போட வேண்டும். நடுவில் தொடங்கி வெளியே போகிறார். மடிப்புகளைக் கரண்டிக் காம்பால் நீவி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி படியவைக்கிறார். மேல்நோக்கி இருந்தால் தூசி அதிலேயே குடியிருக்குமாம்.

தோல் விஷயத்தில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்துப் பேரணாம்பட்டு வரை அலைந்தேன். நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் ஷூ மேல்தோல். ஆட்டுத்தோல் ஒன்று ஐந்தாறு சதுர அடிதான் வரும். நாற்காலி முதுகை ஒட்டுப்போட்டுத்தான் மூட வேண்டியிருக்கும். மாட்டுத்தோலோ எருமைத்தோலோ, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் கனத்தில் கேளுங்கள். அதற்கு மேல் தடித்தால் மடிப்பு படியாது. வெட்டிய விளிம்பையும் பாருங்கள்: நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் பட்டைக்குப் பதில் குரோம் உப்பில் பதனிட்டது, பழுப்பாக இருந்தால் பட்டைத் தோலாக இருக்கலாம். சாயம் உள்வரை இறங்கியிருந்தால் இதை வைத்துச் சொல்ல முடியாது. நாற்காலிக்கு இரண்டும் உழைக்கும். பட்டைத் தோல் வெளிச்சம் பட்டுப் பட்டுச் சிவந்து வரும். எனக்கு அந்த நிறம் பிடிக்கும் என்பதால் அதை எடுத்தேன். வீட்டில் மற்றவர்களுக்குக் கறுப்புதான் வேண்டியிருந்தது.

முடிந்து வந்த மறுநாளே பெரியம்மா தேங்காய் எண்ணெயோடு நின்றார், தடுத்துவிட்டேன். எண்ணெய் ஊறினால் தோல் திட்டுத்திட்டாகக் கறுக்கும், பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, ஜன்னல் வெயில் படாத இடத்தில் போட்டாலே போதும்.

கடை தேடும்போது ஸ்பிரிங்கை எத்தனை பக்கம் கட்டுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் நான் போன கடையில், "அதெல்லாம் எதற்கு சார், தூக்கிப் போட்டுவிட்டு ஃபோம் வைத்துவிடலாம்" என்றார்கள். பாய் பதிலே சொல்லாமல் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் கை விட்டுப் பார்த்தார்.