மகனுக்குக் ‘கஸ்டம்’ ரைஃபிள்: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ரைஃபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி எடுக்கிறான். கிளப் ரைஃபிளை நாலு பேர் மாற்றி மாற்றிச் சுடுவதால், சொந்தமாக ஒன்று வாங்கச் சொல்கிறார் கோச். தெரிந்தவர் ஒருவர், பேரல் (குழல்) ஒரு கம்பெனி, ஸ்டாக் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை) ஒரு கம்பெனி என்று சேர்த்து ‘கஸ்டம்’ ரைஃபிள் செய்து தருவதாகச் சொல்கிறார். கூடக் கொஞ்சம் போட்டால் 300 மீட்டருக்கும் ஆகுமாம். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 300 மீட்டர் பேச்சு ஒன்றே போதும், அவரை விட்டு விலகுவதற்கு. 300 மீட்டர் போட்டி இருப்பது உண்மைதான். ஆனால் அது தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிக்கான போட்டி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அப்படிப்பட்ட துப்பாக்கியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு செய்து தருவது, மாற்றித் தருவது, பழுது பார்ப்பது, சோதித்துக் கொடுப்பது எல்லாமே உரிமம் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. பதினாறு வயதுப் பிள்ளையை இதில் இழுத்துவிட வேண்டாம்.

ஏர் ரைஃபிள் கதை வேறு. 4.5 மில்லிமீட்டர் குழல், குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்ற வரம்புக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிள்கள் ஏழரை ஜூல் அளவில்தான் சுடுகின்றன. ‘பவர் ஏற்றித் தருகிறேன்’ என்றாலும், டெலஸ்கோப் மாட்டித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தப் போட்டியில் டெலஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. ரைஃபிளின் எடையும் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது.

கம்பெனியில் செய்து, சீரியல் நம்பரோடு, உரிமம் பெற்ற கடையில் பில் போட்டுத் தருவதை வாங்குங்கள். ‘கஸ்டம்’ என்பது அதற்கப்புறம், உடம்புக்குப் பொருத்துவதில்தான் இருக்கிறது. வளர்கிற பையன் என்பதால் அளவெடுத்துச் செதுக்கிய மர ஸ்டாக் வேண்டாம், ஆறு மாதத்தில் சட்டை மாதிரி சின்னதாகிவிடும். கன்னம் வைக்கும் இடமும் தோள் தட்டும் ஏற்றி இறக்கும்படி உள்ள அலுமினிய ஸ்டாக் நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் மரம் உப்பும் தொல்லையும் அதில் இல்லை.

பொருத்தம் பார்க்கக் கடையிலேயே ஒரு வழி இருக்கிறது. பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சின்னக் குண்டு) இல்லாத ரைஃபிளை, யாரும் நிற்காத சுவர்ப் பக்கம் நோக்கி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும் பின்குறியின் (கண் பக்கம் உள்ள குறி பார்க்கும் துளை) வட்டத்துக்குள் முன்குறியின் (குழல் நுனியில் உள்ளது) வளையம் நடுவில் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேடினால் கன்னப் பகுதியைத் திருத்த வேண்டும். அவன் வலக்கைக்காரனாக இருந்தும் இடக்கண் மேலோங்கியதாக இருக்கலாம். அதைக் கோச்சிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, சுட்டுப் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பத்து மீட்டர் இலக்கில் 10 புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர்தான். ஒரே பெல்லட் எல்லாப் பேரலுக்கும் ஒத்துவராது. பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என மூன்று டப்பா வாங்கி, கிளப் ரேஞ்சில் கோச் முன்னிலையில், ரைஃபிளைத் தாங்கியில் இறுக்கி வைத்து ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து குண்டுகளாகச் சில தடவை சுடச் சொல்லுங்கள். தட்டைத் தலை பெல்லட் தாளைப் பஞ்சிங் மிஷின் போல வட்டமாக வெட்டும். ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த ஓட்டையின் அதிக அகலத்தை அளந்து 4.5 கழியுங்கள். 6 மில்லிமீட்டர் ஓட்டை என்றால் சிதறல் ஒன்றரை. எந்த டப்பாவில் திரும்பத் திரும்பச் சின்ன ஓட்டை விழுகிறதோ, அதே லாட் நம்பரில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) மொத்தமாக வாங்கி வையுங்கள். விலை கூடிய பெல்லட்தான் ஜெயிக்கும் என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது, ரைஃபிளில் சுடுவதற்கான அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். கடையில் 200 பார் (காற்றழுத்த அளவு) காட்டிய முள், இரண்டு நாளில் 140க்கு வந்துவிட்டது. முழுப் பணமும் கொடுத்துவிட்டதால் மூன்று மாதம் அலைந்தேன். நிரப்பிய சூடு ஆறும்போது முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்கப்புறமும் இறங்கினால் கசிவுதான். சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள், பத்து ஆண்டு கடந்ததைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். பழைய ரைஃபிள் மலிவாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நிரப்பிய சிலிண்டரை மே மாத வெயிலில் காருக்குள் விடாதீர்கள். உலர்ந்த காற்று மட்டுமே நிரப்பலாம், ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது.

சோதித்த இலக்குத்தாளில் தேதி, சீரியல் நம்பர், பெல்லட் லாட் நம்பர் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி, பில்லோடு வையுங்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அங்கே இந்தத் தாளும் பில்லும்தான் உங்களுக்காகப் பேசும்.