மயிலாடும்பாறையில 4200 வருஷத்துக்கு முன்னாடியே இரும்பு இருந்துச்சுன்னா, மனுஷனே கிருஷ்ணகிரி பக்கம்தான் தோன்றினான்னு சொல்லலாமா?

சொல்ல முடியாதுங்க. இரும்பு எப்ப வந்துச்சுங்கறது வேற கணக்கு, மனுஷன் எப்ப வந்தான்ங்கறது வேற கணக்கு.

நம்ம மனுஷ இனத்தோட (ஹோமோ சேபியன்ஸ்) ரொம்ப பழைய எலும்புன்னு இன்னைக்கு சொல்றது மொராக்கோவுல ஜெபல் இர்ஹூத்ல கெடைச்சது, சுமார் 3 லட்சம் வருஷம். பின்னாடி ஆப்பிரிக்காவ விட்டு வெளிய வந்து ஆசியா பூரா பரவுனவங்க வழிதான் நாமளும், பெரும்பாலான ஆய்வாளருங்க சொல்ற காலம் 50,000ல இருந்து 70,000 வருஷத்துக்கு முன்னாடி. அதுக்கும் ரொம்ப முந்தியே திருவள்ளூர் அத்திரம்பாக்கத்துல கைக்கோடாரி செஞ்சவங்க இருந்திருக்காங்க, தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு டீம் 2011ல சொன்ன வயசு சுமார் 15 லட்சம் வருஷம், ஆனா அவங்க நம்ம இனமே கெடையாது.

மயிலாடும்பாறை தேதி கி.மு. 2172. அதுவே பெரிய விஷயம், இப்ப தூத்துக்குடி மாவட்டத்து சிவகளைல கெடைச்ச இரும்போட தேதி கி.மு. 3345 வரைக்கும் போயிருச்சு. ஆனா இதெல்லாம் மனுஷன் இங்க வந்து எத்தனையோ ஆயிரம் வருஷம் கழிச்சு நடந்தது.

எனக்கு இரும்ப விட பிடிச்சது அதுக்கு முந்தின புதிய கற்காலத்து கற்கோடாரிதாங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சில ஊர்ல மரத்தடியில சாமிக்கு பக்கத்துலயே அடுக்கி வச்சு மஞ்சள் குங்குமம் வச்சு கும்பிடுறாங்க. கருங்கல்லு, உள்ளங்கையில அடங்கற சைஸ், பின்பக்கம் கொத்துன தடம் சொரசொரன்னு இருக்கும், வெட்டுவாய் மட்டும் தேச்சு தேச்சு வழவழன்னு இருக்கும், ஒருத்தர் எத்தனை நாள் ஒக்காந்து தேச்சிருப்பாருன்னு நெனச்சா பெருமையா இருக்கு, இதுக்கு உலகத்துக்கே நாமதான் மொதல்னு சொல்லணும்னு அவசியமே இல்ல.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் கல்திட்டைங்களயும் ஒரு தடவை போய் பாருங்க, பலகைக் கல்ல நிறுத்தி மேல மூடி போட்டு, ஒரு பக்கக் கல்லுல வட்டமா ஓட்டை போட்டிருப்பாங்க, அது இரும்புக் கால ஈமச்சின்னம். புதையல் இருக்குன்னு நோண்டியும் கல்லுக்காக ஒடச்சும் நம்ம பக்கம் எவ்வளவோ போயிருச்சு, அதுதான் மனசு ஆறல.

உங்க நிலத்துல உழும்போது கோடாரிக் கல்லு வந்தா கழுவி பாலிஷ் போடாதீங்க, கெடைச்ச எடத்தோட போட்டோ எடுத்துட்டு தர்மபுரி இல்லன்னா கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துல காட்டுங்க. எந்த எடம், எவ்வளவு ஆழம்னு தெரிஞ்சாதான் காலம் கணிக்க அவங்களுக்கு ஏதாவது வழி கெடைக்கும்.