லூசின் பவுடர் வாங்கித் தரலாமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது, ஜிம்முக்குப் போகிறான். பிசிஏஏ பவுடர் டப்பா வாங்கச் சொல்லி அங்குள்ள பயிற்சியாளர் நச்சரிக்கிறார். அதிலுள்ள லூசின்தான் தசையில் புரதம் உருவாவதற்கான சுவிட்சாம், முட்டை, பால் எல்லாம் அதைச் செய்யாதாம். மாதம் மூவாயிரம் ரூபாய் செலவாகிறது. வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பயிற்சியாளர் சொல்வதில் பாதி உண்மைதான், அந்தப் பாதியை வைத்துத்தான் டப்பா விற்கிறார்கள்.

புரதம் கட்டுவதற்கான செய்தி எம்ஆர்என்ஏ வடிவில் தசைச் செல்லுக்குள் எப்போதும் கிடக்கிறது. புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோம் அதன் தலைமாட்டில் ஏறி வாசிக்கத் தொடங்கினால்தான் புரதம் வரும். ஏறுவதற்கு உதவும் இஐஎஃப்4இ என்ற புரதத்தை இன்னொரு புரதம் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டிலிருந்து லூசின் வந்ததும் எம்டார் என்ற நொதி விழித்துக்கொண்டு அந்தப் பிடியை அவிழ்த்துவிடுகிறது. இதுவரை அவர் சொல்வது சரி.

ஆனால் தொடங்கி வைத்தால் மட்டும் போதுமா? மேஸ்திரி வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார், செங்கல் வந்து இறங்கவில்லை என்றால் சுவர் எப்படி எழும்பும்? புரதத்துக்குச் செங்கல் அமினோ அமிலங்கள். அவற்றில் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாதவை 9. பிசிஏஏவில் இருப்பது லூசினையும் சேர்த்து 3. மீதி 6 எங்கிருந்து வரும்? சாப்பாட்டில் வராவிட்டால் இருக்கிற தசையை உடைத்துத்தான். போதாக்குறைக்கு, ஏதாவது ஒரு அமினோ அமிலத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் அதைக் கண்டுபிடித்துப் புரத உற்பத்தியையே குறைக்கும் ஜிசிஎன்2 என்ற காவலாளியும் செல்லுக்குள் உண்டு. முட்டையில் லூசினும் இருக்கிறது, மற்ற எட்டும் இருக்கின்றன. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், அதில் அரை கிராமுக்குச் சற்று மேல் லூசின். ஒரு வேளைக்கு 2 முதல் 3 கிராம் லூசின் போதும், அதற்கு மூன்று முட்டையும் ஒரு டம்ளர் பாலுமே ஏறக்குறைய ஈடாகிவிடும்.

அப்புறம் பாட்டிலில் கலக்கி நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கிறார்களே, அதுவும் வீண். இரத்தத்தில் அமினோ அமிலம் தாராளமாக இருந்தாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் தசை போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. அதன் காதைத் திறந்து வைப்பது எடை தூக்கும் பயிற்சி. ஒரு நாள் பயிற்சி செய்தால் மறுநாள் சாப்பாட்டுக்கும் தசை நன்றாகவே செவிசாய்க்கும்.

இதில் ஒரே ஒரு விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் இருந்தால் கணக்கு மாறும். அதே அளவு லூசினுக்கு அவர்கள் தசை முன்போல எழுந்து வேலை செய்யாது, படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்கு இன்னும் மோசம். இளைஞருக்கு வேளைக்கு 20 கிராம் புரதம் போதுமென்றால் இவர்களுக்கு 30, 35 கிராம் வேண்டியிருக்கும். நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ்: பையனுக்கு டப்பா, பாட்டிக்கு ரசம் சாதம். மருத்துவரைக் கேட்டுவிட்டு அவருக்கு முட்டையும் பாலும் கூட்டிக் கொடுங்கள், எழுப்பி நடக்க வையுங்கள்.

இப்போது ஏமாற்றுக்கு வருகிறேன். டப்பாவில் எவ்வளவு புரதம் என்று வழக்கமாகச் சோதிக்கும் முறை, 1883இல் டென்மார்க்கின் கெல்டால் கொண்டுவந்தது. அது புரதத்தை நேராக அளப்பதே இல்லை, நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கொட்டினாலும் எண் ஏறும். 2008இல் சீனாவில் பால் பவுடரில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்து குழந்தைகளைக் கொன்றது இதே ஓட்டை வழியாகத்தான். அதற்குப் பிறகும் இந்த எண்ணை அச்சடித்து விற்கிறார்கள் என்றால் எனக்குப் பொறுக்கவில்லை. டப்பா மீதுள்ள உரிம எண்ணைக் காட்டி 'அரசே சோதித்தது' என்பார்கள். நம்பாதீர்கள், அது தயாரிப்பவருக்குக் கொடுத்த எண், உங்கள் கையிலுள்ள டப்பாவைச் சோதித்ததற்கான சான்று அல்ல. ஒவ்வொரு டப்பாவுக்கும் தரகு வாங்குகிறவரிடம் சத்துணவு ஆலோசனையும் கேட்கக் கூடாது.

மகன் 70 கிலோ எடை என்றால், கடுமையாகப் பயிற்சி செய்பவனுக்கு நாளைக்கு 110 கிராம் புரதம் தாராளம். நான்கு வேளையாகப் பிரித்து முட்டை, கோழி, மீன், பால், பருப்பு, சுண்டல் கொடுங்கள். சைவம் என்றால் மீல்மேக்கர் 50 கிராமில் 25 கிராம் புரதம் கிடைக்கும், விலையும் சொற்பம். அவன் பிடிவாதமாகப் பவுடர்தான் வேண்டுமென்றால் பிசிஏஏ வேண்டாம், வே புரதம் (பால் திரிந்ததும் பிரியும் தெளிநீரிலிருந்து எடுப்பது) போதும். வாங்கும்போது அமினோ அமிலப் பட்டியலைக் கேளுங்கள். 25 கிராம் புரதத்துக்கு லூசின் இரண்டரை கிராம் அளவில் இருக்க வேண்டும், சேர்பொருள்களில் கிளைசின், டாரின் என்று தனியாகப் போட்டிருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.