வாசகர் கேள்வி பதில்: சோடியமும் ஒரு வாளித் தண்ணீரும்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன், தண்ணீரில் சோடியம் எரிவதைக் காணொளியில் பார்த்ததிலிருந்து, மொட்டை மாடியில் அதைச் செய்தே தீருவேன் என்கிறான். "பட்டாணி அளவுதானே அம்மா, தள்ளி நின்றுகொள்கிறேன்" என்கிறான். அவன் ஆர்வத்தைக் கெடுக்க மனமில்லை. அனுமதிக்கவும் பயமாக இருக்கிறது. என்ன சொல்லட்டும்?
– ஒரு வாசகி

பதில்: வேண்டாம் என்றே சொல்லுங்கள், அம்மா. ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்; வேதியியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு வெறும் தடை போதாது.

சோடியம் தண்ணீரைவிட இலேசானது. சுமார் 98 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால் தண்ணீரில் விழுந்ததும் வினையின் வெப்பத்தில் உருண்டையாகி, சீறிக்கொண்டே மிதந்து ஓடும். அப்போது வெளிப்படும் ஹைட்ரஜன் தீப்பிடிப்பதே வெடிப்புக்குக் காரணம் என்றுதான் நாங்கள் நெடுங்காலம் கற்பித்துவந்தோம். 2015இல் பிராகா நகரத்து வேதியியலாளர் பாவெல் யுங்வர்த்தின் குழுவினர், சோடியம்–பொட்டாசியம் கலவைத் துளிகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தபோது வேறொன்று தெரிந்தது. உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் பாய்ந்துவிட, எஞ்சிய நேர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால், ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் துளியிலிருந்து ஊசிகள்போல உலோகம் நாலாபக்கமும் பீறிடுகிறது. அதைப் பார்த்து விலகுவதற்கு மனிதக் கண்ணுக்கும் காலுக்கும் நேரமே கிடையாது.

தெறிப்பது உருகிய உலோகமும் சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரமுமாகும். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவும். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், கண்ணாடித் தொட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்ட துணுக்கு அணைந்துவிட்டதென்று நினைத்து ஒரு மாணவன் குனிந்தான். அது மறுபடியும் வெடித்தது. அவன் பாதுகாப்புக் கண்ணாடியின் வலப்பக்கத்தில் மிளகளவு வெண்புள்ளி ஒன்று பதிந்துபோயிற்று. அந்தக் கண்ணாடியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். சோடியத்தை 1807இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்த ஹம்ப்ரி டேவிக்கே, 1812இல் வேறொரு சேர்மம் வெடித்துக் கண்ணில் காயம்பட்டது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள்.

மிச்சத்தை என்ன செய்வது என்பதைப் பிள்ளைகள் யோசிப்பதே இல்லை. மண்ணெண்ணெய்க்குள் வைத்த சோடியத்தைக் குப்பையிலோ கழிவுநீர்க் குழாயிலோ போட்டால், யாரோ ஒரு தூய்மைப் பணியாளரின் கையில்தான் அது வெடிக்கும். பொட்டாசியம் இன்னும் மோசம்: நாட்பட்டால் மேலே மஞ்சள் படிவு கட்டும், அதைக் கத்தியால் வெட்டினாலே வெடிக்கக்கூடும். பழைய பேட்டரியைப் பிளந்து லித்தியம் எடுக்கும் எண்ணமும் கூடவே கூடாது. சோடியமோ பொட்டாசியமோ தீப்பற்றினால் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானும் நெருப்பை வளர்க்கவே செய்யும்; உலர்ந்த மணல்தான் உதவும். காரம் கண்ணில் பட்டுவிட்டால் உடனே குழாய்நீரில் குறைந்தது 20 நிமிடம் இடைவிடாமல் கழுவி, மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சோடியத்தைப் பார்க்கும் ஆசையைப் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் தீர்த்துவைக்கட்டும். கத்தியில் வெண்ணெய்போல வெட்டுப்படும் அதன் வெள்ளிப் பளபளப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிச் சாம்பல் நிறமாவது, எனக்கு வெடிப்பைவிட அழகாகத் தோன்றும். வீட்டில் செய்ய ஒன்று வேண்டுமென்றால், உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகையை, சமையலுக்குப் பயன்படாத கண்ணாடிப் புட்டியில் கரைத்து, தேய்த்த இரும்பு ஆணி ஒன்றை அதில் நிறுத்தச் சொல்லுங்கள். அது நஞ்சு என்பதால் கையுறை வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது. சற்று நேரத்தில் ஆணிமேல் செம்பு படியத் தொடங்கும். அங்கேயும் எலக்ட்ரான்கள்தாம் உலோகத்தைவிட்டுப் போகின்றன. உட்கார்ந்து பார்க்கக்கூடிய வேகத்தில்.