பின் டயர் மட்டும் திரும்பத் திரும்ப பஞ்சர்: டியூப் மாத்துறதுக்கு முன்னாடி

வணக்கம். வேளச்சேரியிலிருந்து பெருங்குடிக்கு சைக்கிள்ல ஆபீஸ் போறீங்க, புது டியூப் போட்டும் பின் டயர் மறுபடி மறுபடி பஞ்சராகுதுன்னு எழுதியிருக்கீங்க. டியூப் மேல தப்பு இருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

அடுத்த தடவை டியூபைக் கழட்டும்போது வால்வு டயர்ல எந்த இடத்துக்கு நேரா இருந்துச்சுன்னு சாக்பீஸால ஒரு கோடு போட்டுக்கோங்க. ஓட்டையைக் கண்டுபிடிச்சதும் டியூபை அதே நிலையில டயர் மேல வெச்சுப் பாத்தா, குத்தின இடம் தெரிஞ்சிடும். ஓட்டை ரோட்டைப் பாத்த பக்கம்னா, டயருக்குள்ள ஏதோ இன்னும் மாட்டியிருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் லாரி, பஸ் டயர் பிஞ்சு ரோட்டுல கொட்டுற மெல்லிய இரும்புக் கம்பி. கண்ணுக்கே தெரியாது. வெறும் விரலை விட்டுத் தேடாதீங்க, கிழிச்சிடும். உள்பக்கம் முழுக்கப் பஞ்சால தடவுங்க, கம்பி இருக்குற இடத்துல பஞ்சு மாட்டும்.

ஓட்டை ரிம் பக்கம் இருந்தா, ஸ்போக் முனைகளை மூடியிருக்குற பட்டை, அதாவது ரிம் டேப், நகர்ந்து ஸ்போக் முனை குத்துது. டேப் மாத்தினா போதும்.

பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓட்டையா? காத்து கம்மி. பள்ளத்துல இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல நசுங்குது. உங்க எடையில பாதிக்கு மேல பின் சக்கரத்துலதான் விழுது, லேப்டாப் பையும் கேரியர்ல இருந்தா இன்னும் அதிகம். டயர் ஓரத்துல அச்சடிச்சிருக்கிற பிஎஸ்ஐ (காத்தழுத்த) அளவைப் பாத்து வாரம் ஒருமுறை காத்தடிங்க. கட்டைவிரலால அமுக்கிப் பாக்குறதை நம்பாதீங்க.

ஓட்டை எந்தப் பக்கம்னு பாத்துட்டு இங்கயே எழுதுங்க.