நத்தார் காசு, சொந்தக்காரர், தட்டு: கொட்டாஞ்சேனை அன்ரி பதில் சொல்கிறார்

கேள்விகளை அனுப்பச் சொன்னதும் இத்தனை வரும் என்று நினைக்கவில்லை. நான் பெரிய நிபுணி ஒன்றும் இல்லை, ஆனால் முப்பது வருடம் ஒரு வங்கியின் அடகுப் பிரிவில் இருந்தவள். டிசம்பரில் காப்போடு வந்து நின்ற வரிசையையும் பார்த்திருக்கிறேன், அதை மீட்க வராத ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

கலியாணம் முடித்து இது முதல் நத்தார். அவருடைய பக்கத்தில் பிள்ளைகள் மட்டும் 11 பேர். பெரியவர்கள் உட்பட எல்லாருக்கும் உடுப்பு எடுக்க வேண்டும் என்கிறார் மாமி. எங்கள் போனஸ் முழுவதும் அதற்கே போய்விடும். (வத்தளை)

தங்கச்சி, மாமியிடம் நீங்கள் வாயே திறக்காதீர்கள். அவருடைய அம்மா, உங்கள் கணவரே பேசட்டும். நீங்கள் சொன்னால் "வந்ததும் வராததுமாகக் கணக்குப் பார்க்கிறாள்", மகன் சொன்னால் "பாவம், பிள்ளைக்குக் கையில் காசில்லை". அநியாயம்தான், ஆனால் நம்மூர் வீடுகளில் அப்படித்தான் காதில் விழும். அவரும் "ஏலாது" என்று தொடங்காமல் தொகையைச் சொல்லட்டும்: இந்த முறை பிள்ளைகளுக்கு மட்டும், ஆளுக்கு 1,500 ரூபா, மொத்தம் 16,500. மாமிக்கு மட்டும் ஒரு நல்ல சேலை, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கடைசி வாரம் வரை பொறுத்திருந்து பெட்டாவுக்குப் போனால் மெயின் வீதியில் கால் வைக்க இடமிருக்காது, அவசரத்தில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். இப்போதே வார நாளில் காலையில் கெய்சர் வீதிக்குப் போங்கள், ஒரே டிசைனில் எல்லா அளவிலும் எடுங்கள், யாருக்கு நல்லது கிடைத்தது என்ற சண்டையும் வராது. இன்னொன்று, முதல் வருடம் என்ன கொடுக்கிறீர்களோ அதுதான் அடுத்த பத்து வருடத்துக்கும் உங்கள் ரேட். கடன்பட்டுப் பெரிதாகத் தொடங்கினால் பிறகு குறைக்கவே முடியாது.

மகனுக்கு டேப் (டேப்லெட்) வேண்டுமாம். வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறதாம். 60,000 ரூபா, கார்டில் 12 மாதத் தவணை, வட்டி இல்லை. அவருக்கு மூன்று மாதமாக நிரந்தர வேலை இல்லை. எடுக்கலாமா, இல்லாவிட்டால் காப்பை அடகு வைக்கவா? (தெமட்டகொடை)

இரண்டும் வேண்டாம். வட்டி இல்லை என்று சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், ஆனாலும் மாதம் 5,000, அடுத்த நத்தார் வரும்வரை. ஒரு மாதம் கார்டுக் காசு முழுவதும் கட்ட முடியாமல் போனால் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறத் தொடங்கும், அப்போது "வட்டியில்லாத் தவணை" என்ற பேச்சே இருக்காது. ஜனவரியில் சப்பாத்து, கொப்பி, வேன் காசு எல்லாம் வரிசையாக நிற்கும். காப்பு விஷயத்தில் என்னிடம் இரக்கம் எதிர்பார்க்காதீர்கள். மருந்துக்கும் படிப்புக்கும் அடகு வைக்கலாம், டேப்புக்கு வைக்கக்கூடாது.

மகனுக்கு எத்தனை வயது என்று எழுதவில்லை. பத்துக்கு மேல் என்றால் உட்கார வைத்து உள்ளதைச் சொல்லுங்கள், அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும். என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை போன வருடம் எங்களுக்குப் புது உடுப்பு இல்லை. அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. காரணம் சொல்லாமல் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்ததுதான் இன்றும் நினைவில் இருக்கிறது.

ஒஃபிஸில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுக்கிறோம், உச்சம் 2,500 ரூபா. எனக்கு விழுந்தது மனேஜர். கூடப் போட்டு வாங்கவா? (கொள்ளுப்பிட்டி)

வேண்டாம் தம்பி. 2,500க்குள் நல்ல தேயிலைப் பெட்டி ஒன்று. கூடப் போட்டால் மற்றவர்களின் வாயில்தான் விழுவீர்கள்.

என் அம்மா அப்பா மன்னாரில், மனைவி வீடு மட்டக்குளியில். நத்தாருக்கு யார் வீடு என்று ஒவ்வொரு வருடமும் சண்டை. (மட்டக்குளி)

நத்தார் 25ஆம் திகதியோடு முடிவதில்லையே. ஜனவரி 6 மூன்று இராசாக்கள் திருநாள், பரிசு கொண்டு வந்தவர்களின் நாளே அதுதான். ஒரு வருடம் நடுச்சாமப் பூசை மன்னாரில், மட்டக்குளிக்கு இராசாக்கள் திருநாள். அடுத்த வருடம் மாற்றுங்கள். ஆனால் இதை நவம்பரிலேயே இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும். 23ஆம் திகதி சொன்னால் அது சமாதானம் இல்லை, புதுச் சண்டை.

கனடா மச்சாள் இரண்டு பெட்டி நிறையச் சாமான் கொண்டு வந்திருக்கிறார். பதிலுக்கு என்ன கொடுப்பது? எங்களால் அந்த அளவுக்கு முடியாது. (வெள்ளவத்தை)

பக்கத்து வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று ஒரு கரண்டி சீனி போட்டு அனுப்புவோமே, அந்தச் சீனியை யாராவது நிறுத்துப் பார்த்தார்களா? வீட்டில் வறுத்து இடித்த தூள், வடகம், பயற்றம் பணியாரம், அது போதும். அவருடைய பெட்டியில் கிலோ மிச்சம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். போன முறை என் தங்கச்சி கொடுத்த ஐந்து கிலோ தூளில் பாதி விமான நிலையத்திலிருந்தே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஃபிளாட்ஸில் 14 வீட்டுக்குக் கேக் கொடுக்க வேண்டும். கஜு, முந்திரிகை வற்றல் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. (கொட்டாஞ்சேனை)

நம்முடைய நத்தார் கேக் ரவை, கஜு, பூசணித் தோசி, இஞ்சிப் பாகு, முட்டை மஞ்சள் கரு என்று கனமான சாமான். அதனால்தான் சின்னத் துண்டாக வெட்டி எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுக்கிறோம். வீட்டுக்கு ஆளுக்கொரு துண்டு, கூட வேண்டாம். முஸ்லிம் வீடுகளுக்குப் பிரண்டி ஊறிய கேக் கொடுக்காதீர்கள், ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தால் மரியாதையாக இருக்கும். மார்கழியில் திருவெம்பாவை விரதம் பிடிக்கிற வீடுகளில் முட்டை ஆகாது, அவர்களுக்கும் பழம்தான். ஆக, கேக் கொடுக்க வேண்டிய வீடு எப்படியும் பாதியாகும். தட்டுக்குக் கீழே உங்கள் வீட்டு நம்பரை எழுதி ஒட்டுங்கள். என்னுடைய மூன்று தட்டு போன நத்தாரிலிருந்து நாலாம் மாடியில் யார் வீட்டிலோ இருக்கிறது.