பல் பிடுங்காத பல் டாக்டர்

கேள்வி: பி.டி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜன்சியும் ஆயிற்று. எம்.டி.எஸ். மேல்படிப்புக்கான என் நீட் ரேங்குக்கு ஓரல் பெத்தாலஜி (வாய்த் திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டறியும் துறை) சீட்தான் கிடைக்கும்போல. வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சியில் எனக்கு ஆசை உண்டு. ஆனால் அப்பா, "பல்லே பிடுங்காத பல் டாக்டரா?" என்கிறார். சேரலாமா?
- வாசகி, தென்காசி

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி. ஓரல் பெத்தாலஜி படித்தவர் மாலையில் கிளினிக் போட்டாலும் பி.டி.எஸ். கைவேலையை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பல் வரிசையைச் சீராக்கும் ஆர்த்தோ, சர்ஜரி படித்த தோழிகள் கார் மாற்றும்போது நீங்கள் லெக்சரர் சம்பளத்தில் இருப்பீர்கள்.

சேர்ந்த மறுநாளே புற்றுநோய் ஆராய்ச்சி என்றும் நினைக்காதீர்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மெழுகுக் கட்டையில் பல் செதுக்கக் கற்றுக்கொடுப்பதும் இந்த டிபார்ட்மென்டின் வேலைதான். எனக்கு ஆறு மாதம் கனவில்கூட கோரைப்பல்தான் வந்தது.

இதெல்லாம் சரி என்றால், கவுன்சலிங்குக்கு முன்பு கல்லூரிக்கு நேரில் போங்கள். ஒரு சீனியர் பி.ஜி. மாணவரைப் பிடித்து, வருஷத்துக்கு எத்தனை பயாப்ஸி (சோதனைக்காக வெட்டியெடுத்த திசுத் துணுக்கு) வருகிறது என்று கேளுங்கள். கட்டடம், ஏசி எல்லாம் அப்புறம். பயாப்ஸி வராத இடத்தில் மூன்று வருஷமும் பழைய ஸ்லைடுகளையே திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

பயாப்ஸி வருகிற இடத்தில் என்ன பார்ப்பீர்கள்? பாக்குப் பொட்டலம் போடும் ஓர் இளைஞர் வருவார். வாய்க்குள் மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நுழையும். அவர் கன்னத்திலிருந்து எடுத்த துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், மேல்தோல் மெலிந்து, அதன் அடியில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் இளஞ்சிவப்பாகக் கண்ணாடிபோல இறுகிக் கிடக்கும். இதுதான் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ், பாக்குப் பழக்கத்தால் வாயின் உட்பகுதி இறுகிப்போகும் நோய். இதில் யாருக்குப் புற்றுநோயாக மாறும், யாருக்கு மாறாது என்பதை அந்த ஒரு ஸ்லைடை வைத்து உறுதியாகச் சொல்ல இன்றும் வழியில்லை. உங்கள் ஆராய்ச்சி அங்கே தொடங்கலாம்.

இந்தத் துறையின் பெரிய வேலைகள் லேபுக்குள் மட்டும் நடந்தவை அல்ல. டென்மார்க்கின் வாய் நோயியல் நிபுணர் பின்ட்போர்க்கும் நம் பல் மருத்துவர் ஃபாலி மேத்தாவும் 1960களில் இந்தியாவில் ஐந்து மாவட்டங்களில் வீடு வீடாக ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வாயைப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 1996இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பரிசோதனையில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைக் கண்ணால் பார்த்ததே புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவை 34 சதவீதம் குறைத்தது என்று 2005இல் முடிவு வந்தது. நவி மும்பையின் கார்கரில் உள்ள ஆக்ட்ரெக் புற்றுநோய் ஆராய்ச்சி மையம், மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிரிமருத்துவ மரபணுவியல் நிறுவனம் போன்ற இடங்களில் மரபணு ஆராய்ச்சியும் நடக்கிறது. வெற்றிலை, புகையிலையை அதக்கிவைக்கும் கன்ன ஓரத்தில் வரும் புற்றுநோய்தான் நம்மூரில் அதிகம். அதன் மரபணு மாற்றங்களை நம் விஞ்ஞானிகள் 2013இல் வெளியிட்டார்கள். எம்.டி.எஸ். முடித்துப் பிஎச்.டி.க்கு இத்தகைய இடங்களைப் பாருங்கள்.

ஆனால் எவ்வளவு விலையுள்ள மெஷினும் கெட்டுப்போன திசுவிடம் தோற்றுப்போகும். ஒருமுறை வெளியூர் கிளினிக்கிலிருந்து ஒரு பயாப்ஸி, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினுக்குப் பதில் வெறும் உப்புநீரான சலைனில் மிதந்து வந்தது. திசு அழுகியிருந்தது. அந்த அம்மாவை மறுபடி வரவழைத்து, மறுபடி வெட்டினோம். அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தீசிஸ் பற்றியும் ஒரு வார்த்தை. நோயைக் காட்டும் ஏதோ ஒரு மார்க்கர், முப்பது கேஸ், 'மேலும் ஆய்வு தேவை' என்று முடியும் தீசிஸ்கள் நம் கல்லூரி அலமாரிகளில் அடைந்து கிடக்கின்றன. என்னுடையதும் அவற்றில் ஒன்று. நீங்கள் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பயாப்ஸி ஃபாரத்திலும் நோயாளியின் போன் நம்பரும் அவர் வீட்டில் ஒருவருடைய நம்பரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருஷம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க முடிந்தால்தான் அந்த ஸ்லைடுக்கு அர்த்தம்.

சேரலாம் என்பதே என் பதில். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அப்பாவையும் அழைத்துப் போங்கள், ஒரு ஸ்லைடை அவரும் பார்க்கட்டும். திரும்பி வந்து, பயாப்ஸி எண்ணிக்கை எத்தனை என்று எனக்கு எழுதுங்கள்.